15 வருட வாரண்டி ஷீட் கூரை: நாலு ஆடிக் காற்றுக்குப் பிறகு எழுதுகிறேன்

மொட்டை மாடி மேலே கலர் ஷீட் போட்டது 2022 மாசியில். அதற்குப் பிறகு நாலு ஆடிக் காற்றும் நாலு ஐப்பசி மழையும் பார்த்தாயிற்று. போட்ட மாதமே எழுதச் சொல்லியிருந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன், 2024 ஆடியில் எழுதியிருந்தால் கோபத்தில் ஒன்றுகூடக் கொடுத்திருக்க மாட்டேன், இரண்டுமே தப்பாகப் போயிருக்கும் என்பதால் இவ்வளவு நாள் பொறுத்து எழுதுகிறேன். கடையின் பெயரும் ஷீட் கம்பெனியின் பெயரும் இதில் வராது. என் சண்டை முடிந்த பிறகு ஒறம்பரை (சொந்தக்காரர்) வீடுகளில் இருக்கிற வாரண்டி அட்டைகளைக் கேட்டு வாங்கிப் படித்துப் பார்த்தேன், கம்பெனி மாறினாலும் உள்ளே எழுதியிருப்பது கிட்டத்தட்ட ஒரே சங்கதிதான், அதனால் பெயரைவிட அந்தச் சங்கதிதான் உங்களுக்கு உபயோகப்படும்.

எங்கள் வீடு உடுமலை பல்லடம் ரோட்டில் குடிமங்கலத்தை ஒட்டிய ஊரில் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று வைகாசிக் கடைசியில் பிடித்தால் ஆவணி வரைக்கும் விடாது, அந்தக் காற்றை நம்பித்தான் சுற்றுப்பட்டெல்லாம் காற்றாலை நட்டிருக்கிறார்கள். காற்றாலைக்குத் தோதான ஊர் என்றால் ஷீட் கூரைக்கு அதுவே பெரிய சோதனை. ஆனாலும் மாடி வீடு கட்டினவர்கள் எல்லோரும் ஷீட் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், காரணம் சித்திரை வெயில். வெறும் தளம் பகலெல்லாம் காய்ந்து ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் அந்தச் சூட்டைக் கீழே இறக்கும், அம்மாவுக்கு அந்த அறையில் தூக்கமே வராது. மாடியில் கொப்பரை காய வைக்கவும், நோம்பிக்கு ஒறம்பரை வந்தால் பந்தி போடவும் ஒரு நிழல் வேண்டும் என்பது கூடுதல் காரணம்.

மாடி 30க்கு 30, ஆக 900 சதுர அடி. நாலு பக்கமும் திறப்பாக விட்டு, இரும்பு பைப் கால் நட்டு, நடுவில் முகடு வைத்து, 0.47 மில்லிமீட்டர் ஷீட். சதுர அடிக்கு 235 ரூபாய் என்று பேசி 2,11,500 ரூபாய் ஆனது. வேலையைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சொன்ன தேதியில் ஆள் வந்தார்கள், ஐந்து நாளில் முடித்தார்கள், வெல்டிங் சுத்தம், ஒவ்வொரு ஒட்டுக்கும் ப்ரைமர் அடித்தார்கள், கைப்பிடிச் சுவரை ஓட்டை போடாமல் கால்களைத் தளத்தின் தூண் மேலேயே நட்டார்கள். கீழ் அறையின் சூடு நன்றாகவே குறைந்தது. அந்த ஒரு சுகத்துக்காகவே இந்தச் செலவில் எனக்கு வருத்தம் கிடையாது.

நான் அந்தக் கடையைப் பிடித்ததற்குக் காரணம் வாரண்டி. கடைக்காரர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த ஒரு வண்ணத் தாளைத் தட்டிக் காட்டி, "அக்கா, 15 வருசத்துக்கு நீங்க மேல ஏறியே பாக்க வேண்டாமுங்க, கம்பெனியே வாரண்டி குடுக்குது" என்றார். இன்னொரு கடையில் சதுர அடிக்கு 15 ரூபாய் குறைவாகக் கேட்டார்கள், ஆனால் அவர்கள் வாரண்டி பற்றிப் பேசவே இல்லை. அந்த 15 ரூபாய் வித்தியாசம், மொத்தத்தில் 13,500 ரூபாய், நான் வாரண்டிக்காகக் கொடுத்த பணம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

2022 ஆடி ஒன்றும் செய்யவில்லை. 2023 ஆடியில் மேற்குப் பக்கத்தில் ராத்திரி நேரத்தில் டக் டக் என்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. அதே வருடம் ஐப்பசி மழையில் மாடிப்படி அறைச் சுவரும் ஷீட்டும் சேருகிற இடத்தில் தண்ணீர் இறங்கியது. போன் செய்ததும் கடைக்காரர் மறுநாளே ஒரு பையனை அனுப்பினார், அவன் சிலிக்கான் டியூப் ஒன்றைப் பிழிந்து அடைத்துவிட்டுப் போனான், சுர்ரென்று காடி (வினிகர்) வாசம் அடித்தது. இந்த வாசத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2024 ஆடியில்தான் விஷயம் முற்றியது. மேற்கு ஓரத்தில் ஒரு வரிசை ஸ்க்ரூ கழன்று தளத்தில் விழுந்து கிடந்தது, காலையில் கூட்டும்போது அம்மா பதினேழு பொறுக்கினார். முகட்டு ஷீட் ஒரு முனை தூக்கிக்கொண்டு படபடவென்று அடித்தது. அந்த நேரத்துச் சாரலே பத்துப் பன்னிரண்டு இடத்தில் ஒழுகியது. கடைக்காரருக்குப் போன் செய்தால், "காத்துக்கு நாங்க என்ன பண்றதுங்க்கா, வாரண்டில காத்து வராதுங்" என்றார். சரி, கம்பெனியையே கேட்போம் என்று அட்டையில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். ஒன்பது நாள் கழித்து ஒரு தம்பி வந்தார். மரியாதையாகப் பேசினார், ஷீட்டின் அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்து அங்கே அச்சடித்திருந்த எண்ணைப் படம் எடுத்தார், கனத்தைக் கருவி வைத்து அளந்தார், அப்புறம் சொன்னார்: "ஷீட்ல ஒரு குறையும் இல்லீங்க மேடம். துரு இல்ல, பெயிண்ட் உரியல. ஃபிட்டிங் எங்க பொறுப்புல வராதுங்க."

அவர் சொன்னது உண்மை. அன்று ராத்திரி அட்டையை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்தபோதுதான் அது எனக்கே புரிந்தது. 15 வருடம் என்பது ஷீட் துருப்பிடித்து ஓட்டை விழுவதற்கு. பெயிண்ட் உரிவதற்கு 10 வருடம். நிறம் வெளுப்பதற்கு ஒரு எல்லை வைத்து அதற்கு மேல் போனால் மட்டும். கூரை ஒழுகாது என்று அந்த அட்டையில் எந்த இடத்திலும் எழுதவில்லை. ஷீட் கூரை ஒழுகுவது பெரும்பாலும் ஸ்க்ரூ ஓட்டையிலும், ஷீட்டோடு ஷீட் சேருகிற இடத்திலும், முகட்டிலும், சுவரைத் தொடுகிற இடத்திலும்தான். இந்த நாலும் மாட்டுகிறவர் கை வேலை. அந்த வேலைக்கு எனக்கு யாருமே எழுத்தில் வாரண்டி தரவில்லை. நான் வாங்கினது தகரத்துக்கான வாரண்டி, நான் வாங்கியதாக நினைத்துக்கொண்டிருந்தது கூரைக்கான வாரண்டி. எங்கள் பக்கத்தில் ஷீட் போட்ட பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்தத் தகர வாரண்டியாவது என் கையில் இருந்ததா என்று பார்த்தால் அதுவும் தொங்கலில்தான் இருந்தது. "முதலில் வாங்கியவருக்கு மட்டும், அவர் பெயரில் உள்ள பில்லோடு" என்று ஒரு வரி. என்னிடம் இருந்தது கடைக்காரர் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட் தாள். ஷீட்டை அவர் பல வேலைகளுக்குச் சேர்த்து மொத்தமாக வாங்கியிருக்கிறார், கம்பெனி பில் அவர் பெயரில். 18 சதவீதம் ஜிஎஸ்டி மிச்சம் ஆகட்டும் என்று நானும் பில் வேண்டாம் என்று தலையாட்டியிருந்தேன். இது இரண்டு பேர் மேலும் உள்ள தப்பு, ஆனால் நஷ்டம் வீட்டுக்காரருக்கு மட்டும்தான். பத்து வருடம் கழித்து ஷீட் துருப்பிடித்தால் கம்பெனியைப் பொறுத்தவரை நான் யாரோ. அப்புறம், வாங்கின 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று இன்னொரு வரி, அதையும் யாரும் சொல்லவில்லை. வீட்டை விற்றால் வாங்குகிறவருக்கு இந்த வாரண்டி போகாது என்று மற்றொரு வரி.

வருடக் கணக்கையும் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரிய எண்ணைக் காட்டித்தான் விற்கிறார்கள். 15 வருட வாரண்டி என்றால் பதினான்காம் வருடம் கெட்டாலும் புது ஷீட் தருவார்கள் என்று அர்த்தம் கிடையாது. என் அட்டையிலும், பிறகு நான் பார்த்த பெரும்பாலான அட்டைகளிலும், ஓடின வருடத்தைக் கழித்துக்கொண்டு மீதிக்கு மட்டும்தான் பொறுப்பு. என் வேலையில் ஷீட்டின் விலை மட்டும் ஏறக்குறைய 75,000 ரூபாய். ஒன்பது வருடம் முடிந்து ஓட்டை விழுகிறது என்று வையுங்கள், மீதி ஆறு வருடம், 15இல் 6 என்றால் 40 சதவீதம், ஆக 30,000 ரூபாய்க்கு ஷீட் கிடைக்கும். பழையதைக் கழற்றும் கூலி, புதியதை மாட்டும் கூலி, ஸ்க்ரூ, வண்டி வாடகை எதுவும் அதில் வராது. ஒழுகி நனைந்த மெத்தைக்கும் டிவிக்கும் சீலிங் பெயிண்டுக்கும் பொறுப்பில்லை என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள். அப்போது நாம் போடுகிற கூலியும் அந்த 30,000க்குக் குறையாமல் வந்து நிற்கும்.

இனி ஸ்க்ரூ ஏன் கழன்றது என்பது. இதை எனக்குப் புரிய வைத்தவர் பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்புக் களங்களுக்கெல்லாம் கூரை போடுகிற ஒரு பெரியவர், மாமா முறை வேண்டும். ஏணி வைத்து ஏறி, மேற்கு ஓரத்தில் விரலை வைத்து எண்ணிக்கொண்டே போனார். சுவர் இல்லாத திறந்த கூரைக்குக் காற்று மேலிருந்தும் இழுக்கும், அடியில் புகுந்தும் தள்ளும், இரண்டும் சேர்ந்து ஷீட்டை மேலே தூக்கப் பார்க்கும், அதிலும் ஓரத்திலும் மூலையிலும் நடுக்கூரையைவிட எச்சாக இழுக்கும் என்றார். அதனால் ஓரத்துக் குறுக்குப் பைப்பில் ஷீட்டின் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு ஸ்க்ரூ போட வேண்டும். எங்கள் வீட்டில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஒன்று விட்டு ஒன்று போட்டிருந்தார்கள். இன்னொன்று ஸ்க்ரூ தலைக்கு அடியில் இருக்கிற வாஷர். நல்ல ஈபிடிஎம் ரப்பர் பல வருடம் வெயில் தாங்கும், மலிவான வாஷர் சீக்கிரமே கல்லாகிவிடும். கீழே விழுந்த பதினேழில் ஒன்றை நகத்தால் அழுத்தினார், பிஸ்கட் மாதிரி உடைந்தது.

வெயிலும் சேர்ந்துகொள்கிறது. 20 அடி நீள இரும்பு ஷீட் நடுப்பகல் சூட்டுக்கும் விடியற்காலைக் குளிருக்கும் 40 டிகிரி வித்தியாசம் வந்தால் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். தினமும் இப்படி இழுபடும்போது ஸ்க்ரூ ஓட்டை மெல்ல மெல்லப் பெரிதாகிறது, அப்புறம் ஆடிக் காற்று வந்து ஆட்டினால் பிடிப்பு விட்டுப் போகிறது. 2023இல் நான் ராத்திரியில் கேட்ட டக் டக் சத்தம் அதுதான். அந்தச் சத்தம் கேட்ட வாரமே ஏறிப் பார்த்திருந்தால் இருபது ஸ்க்ரூவோடு போயிருக்கும். "15 வருசம் ஏறிப் பாக்க வேண்டாம்" என்ற அந்த ஒரு பேச்சு எவ்வளவு கெடுதல் செய்தது என்று இப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை, ஏனென்றால் அதே கம்பெனி அட்டையில் வருடத்துக்கு ஒருமுறை கூரையைக் கழுவி, குப்பை எடுத்து, ஸ்க்ரூ சரிபார்க்க வேண்டும், செய்யாவிட்டால் வாரண்டி செல்லாது என்று எழுதியிருக்கிறது. எங்கள் அப்பாரு (தாத்தா) காலத்து ஓட்டு வீட்டில் வருடா வருடம் மழைக்கு முன்னால் ஆள் விட்டு ஓடு மாற்றுவார்கள், ஆசாரத்து ஓட்டில் ஒரு விரிசல் இருந்தாலும் அப்பாரு விடமாட்டார். தகரக் கூரைக்கும் அந்தக் கவனிப்பு தேவைதான்.

இப்போது அந்தக் காடி வாசம். டியூப் சிலிக்கானில் இரண்டு வகை உண்டு, காடி வாசம் வருவது காய்கிறபோது அமிலம் விடுகிற வகை. அது ஷீட்டின் மேல் இருக்கிற துத்தநாகப் பூச்சை அரிக்கும். பூச்சுத் தகரத்துக்கு அமிலம் விடாத நியூட்ரல் வகைதான் போட வேண்டும், கம்பெனி அட்டையிலேயே இருக்கிறது. அதாவது ஒழுகலை அடைக்க வந்தவர் செய்த வேலையே துருப்பிடிக்க வழி செய்து, வாரண்டியையும் முறித்திருக்கிறது. வட்ட பிளேடு மெஷினில் ஷீட் அறுத்ததும் அப்படித்தான். பறக்கிற சூடான இரும்புத் தூள் பெயிண்டில் ஒட்டி அடுத்த மழைக்கே செந்நிறப் புள்ளியாக மாறும், அறுத்த ஓரத்தில் பூச்சு கருகிப் போகும், அட்டையில் அறுத்த ஓரங்களுக்கு வாரண்டி இல்லை. கத்தரி போன்ற கருவியில் வெட்டி, தூளை அன்றைக்கே துடைத்தெடுக்க வேண்டுமாம்.

கொங்கு நாட்டில் இருப்பவர்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டிய இன்னொரு வரி கால்நடை பற்றியது. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிற என் நங்கை வீட்டில் போட்டிருந்த ஷீட் ஐந்தாவது வருடமே அடிப்பக்கத்தில் அரித்துவிட்டது. எச்சத்திலிருந்து கிளம்புகிற அம்மோனியா ஈரத்தோடு சேர்ந்து அடியிலிருந்து தின்றுவிடும், மழைத்தண்ணீர் அந்தப் பக்கத்தைக் கழுவுவதும் இல்லை. கால்நடை அடைக்கிற இடம், உரம் வைக்கிற இடம், ரசாயனப் புகை வருகிற இடம் எல்லாம் வாரண்டியில் கிடையாது என்று அவர்கள் அட்டையிலும் தெளிவாகவே இருந்தது. பண்ணைக்கென்றே கேட்டு, பண்ணைக்கென்றே விற்ற ஷீட் அது. திருப்பூரில் சாயப்பட்டறைக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர்களும் இந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

ஷீட் இல்லாமல் தளத்துக்கு வாட்டர் ப்ரூஃபிங் பூசுகிறவர்களுக்கும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். தம்பி வீட்டுக்கு 7 வருடம் என்று பூசினார்கள். அட்டையில் தண்ணீர் தேங்குகிற இடம் கிடையாது, காங்கிரீட் விரிசல் விட்டால் கிடையாது, மேலே டைல்ஸ் ஒட்டினாலோ டிஷ் ஆன்டெனாவுக்கு ஓட்டை போட்டாலோ கிடையாது, கம்பெனி அங்கீகரித்த ஆள் பூசியிருக்காவிட்டால் கிடையாது. தளத்தில் வாட்டம் சரியில்லாமல் தண்ணீர் நிற்பதால்தானே வாட்டர் ப்ரூஃபிங்குக்கே போகிறோம். அதனால் பூசும் முன்னால் வாட்டத்தைச் சரி செய்து, பூசினதும் வடிகுழாயை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்து, கீழே ஓதம் இல்லை என்று படம் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் கடைசிப் பணத்தைக் கொடுப்பதுதான் சரி.

சரி, என் கூரைக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன். போனில் கத்திப் பிரயோசனம் இல்லை என்று தெரிந்ததும் கடைக்காரருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதினேன். என் வாதம் இரண்டே இரண்டு. முதலாவது, ஆடிக் காற்று புயலும் இல்லை, இயற்கைச் சீற்றமும் இல்லை, அது வருடா வருடம் வருவது, அதைத் தாங்காத கூரையை இந்த ஊரில் போட்டதே வேலைக் குறைபாடு. கட்டடங்களுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 875, மூன்றாம் பாகம், கோயம்புத்தூருக்கு அடிப்படைக் காற்று வேகமாக நொடிக்கு 39 மீட்டர் என்று வைத்திருக்கிறது, அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். அந்த வேகத்தை வைத்துத்தான் இங்கே கூரையைக் கணக்குப் போட வேண்டும். எங்கள் ஊரில் அந்த ஆடியில் அவ்வளவு வேகம் அடிக்கவே இல்லை. இரண்டாவது, வாயால் கொடுத்த வாக்குறுதியைக் காட்டி வாங்க வைத்துவிட்டுப் பில் தராமல் விட்டது. பணம் வாங்கிக்கொண்டு பில் தராததை 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்றே சொல்கிறது. அந்தச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது.

அதே சட்டத்தில் வீட்டுக்காரர்களுக்குத் தெரிய வேண்டியது இன்னும் கொஞ்சம் உண்டு. நாம் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் போடலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பிரச்சினை வந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும், வாரண்டி 15 வருடம் இருக்கிறதே என்று உட்கார்ந்திருந்தால் இந்தக் கெடு போய்விடும், ஆகவே முதல் ஒழுகல் வந்த தேதியை எழுதி வையுங்கள். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்துப் பதிவு செய்யலாம், தமிழிலும் பேசலாம். இதையெல்லாம் கடிதத்திலேயே எழுதி, மழைக்கு முன்னால் சரி செய்து தராவிட்டால் அங்கே போவேன் என்று முடித்தேன். பதினேழு ஸ்க்ரூவையும் தராசில் அடுக்கினது போல வெள்ளைத் துணியில் வைத்துப் படம் எடுத்து இணைத்தேன்.

நாலாவது நாள் கடைக்காரரே வந்தார். கோபமாக வருவார் என்று நினைத்தேன், அப்படி இல்லை, மாமாவும் கூட இருந்ததால் இரண்டு பேரும் ஏறி அரை நாள் பேசிக்கொண்டார்கள். கூலி முழுவதும் அவருடையது, பொருள் என்னுடையது என்று முடிவானது. புரட்டாசியில் ஏறக்குறைய 500 ஸ்க்ரூவையும் கழற்றி, அதே ஓட்டையில் பிடிக்கிற மாதிரி ஒரு சைஸ் பெரியதாக, நல்ல வாஷரோடு மாட்டினார்கள், ஓரத்தில் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒன்று. ஷீட் சேருகிற இடத்தில் தண்ணீர் புகாத பசை நாடாவான பியூட்டைல் டேப் ஒட்டினார்கள். பழைய சிலிக்கானைச் சுரண்டியெடுத்து, சுவரோரத்தில் தகரம் மடித்து வைத்தார்கள். எனக்கு 11,400 ரூபாய் ஆனது. 2024 ஐப்பசியும், 2025 ஆடியும், ஐப்பசியும் ஒரு சொட்டு இல்லாமல் போனது. அந்த வேலைக்கு ஜிஎஸ்டி பில் வாங்கினேன், ஷீட் கம்பெனி பில்லின் நகலையும் என் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன். அது கம்பெனியிடம் செல்லுபடியாகும் என்று எனக்கு எழுத்தில் உறுதி கேட்டு மின்னஞ்சல் அனுப்பி, பதில் வந்த பிறகுதான் நிம்மதி.

சோலார் போடுகிற எண்ணத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024இல் வந்த பிரதம மந்திரி சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது என்பதால் எங்கள் ஊரில் வாரத்துக்கு ஒரு வீட்டில் பலகை ஏறுகிறது. ஷீட் மேலே ஓட்டை போட்டு மாட்டினால் ஷீட் வாரண்டியும் போகும், கூரை மாட்டினவர் வாரண்டியும் போகும், ஒழுகினால் சோலார்க்காரர் ஷீட்காரரைக் கை காட்டுவார். நான் ஷீட் கம்பெனிக்கு எழுதிக் கேட்டு, தனி இரும்புக் கால் தூண் மேல் நட்டுப் போடுவதாக முடிவு செய்திருக்கிறேன். காற்றுச் சேதத்துக்கு வாரண்டியை நம்புவதைவிட வீட்டுக் காப்பீடு நல்லது, 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனியும் தருகிற பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் புயல் காற்றுச் சேதமும் உண்டு. ஆனால் ஷீட் கூரையையும் சேர்த்து மதிப்புப் போட்டிருக்கிறார்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

மதிப்பெண் கேட்டால், ஷீட்டுக்கு நாலு, நாலு வருடத்தில் நிறம்கூடப் பெரிதாக மாறவில்லை. கடைக்கு மூன்று, முதல் வேலையில் ஸ்க்ரூவிலும் பேச்சிலும் குறை, ஆனால் வந்து நின்று சரி செய்தார், அது எல்லோரும் செய்வதில்லை. வாரண்டி அட்டைக்கு ஒன்று.

போன தை மாதம் தோட்டத்துச் சாளையில் கட்டுத்தரைக்குக் கூரை மாற்ற வேண்டி வந்தபோது அதே கடைக்காரரைத்தான் கூப்பிட்டேன். வழக்கம் போல அதே கலர் ஷீட்டைச் சொன்னார், "இதுக்கும் 15 வருசமுங்க்கா" என்றார். மாடு கட்டுகிற இடத்துக்கு இந்த வாரண்டி செல்லுமா என்று கேட்டு, அந்த வரியை விரல் வைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு அதை முழுதாகப் படித்தார், எத்தனையோ வருடமாக விற்கிறவர் அன்றுதான் படிக்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் கட்டுத்தரைக்கு ஷீட் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அப்பாரு வீட்டைப் பிரித்தபோது கிணற்றோரம் அடுக்கி வைத்திருந்த சீமை ஓடு அப்படியே கிடந்தது, அதையே கழுவிப் போட்டாயிற்று. இரும்புக் கட்டு மட்டும் அவர் செய்தார். பில்லின் அடியில் நான் கேட்காமலே அவர் கையால் எழுதிக் கொடுத்தது இது: "வெல்டிங், போல்ட், வாட்டம் வேலைக்கு 3 வருடம் எங்கள் பொறுப்பு. காற்றில் ஆடினாலும் சேர்த்து. வைகாசியில் ஒருமுறை ஆள் வந்து பார்க்கும்." வைகாசிக்கு ஆளும் வந்தது.